கேட்கிறதுக்குப் போட்ட வயர்: கேபிள் மோடெம் வீட்டுக்கு வந்த கதை

இணையப் பக்கேஜ் விளம்பரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஒரு வேகம் போட்டிருக்கும். அது டவுன்லோட் வேகம். அப்லோட் வேகம் அநேகமாகக் கீழே, சின்ன எழுத்தில், அதைவிடக் குறைந்த எண்ணாக இருக்கும். சில விளம்பரங்களில் இருக்கவே இருக்காது. நாங்களும் அதைப் பெரிசாகக் கேட்கிறதில்லை. படம் தடங்காமல் ஓடினால் போதும் எண்டு விட்டுவிடுகிறோம்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான விஷயம். தொலைபேசியில் கேட்கிற அளவுக்குக் கதைக்கவும் முடியும். ஊருக்குள்ள வாற கடிதத்துக்கும் ஊரிலிருந்து போற கடிதத்துக்கும் தபால்காரர் ஒரே சைக்கிளில்தான் போனார். இணையத்தில் மட்டும் ஏன் வாங்குறது வேகமாகவும் குடுக்கிறது மெதுவாகவும் இருக்கு? பௌதிகவியலில் அப்படி ஒரு விதி கிடையாது. இது மனிசர் எடுத்த சில முடிவுகளின் விளைவு. அந்த முடிவுகள் கனக்க எடுக்கப்பட்டது இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், ரீவி பார்க்கிறதுக்காக.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப்போவது கேபிள் மோடெமின் வரலாற்றை. அதாவது, ரீவிக்கு எண்டு வீட்டுக்கு வந்த வயரில் கணினியைப் பூட்டி இணையத்துக்குப் போன கதை. அது வட அமெரிக்காவின் கதை. இலங்கையில் வீட்டு இணையம் அந்த வழியால் வரவில்லை. ஆனால் எப்பவும் 'ஓன்' இல் இருக்கிற வேகமான வீட்டு இணையம் எப்படி இருக்க வேண்டும், அதில் யாருக்கு என்ன உரிமை என்ற சண்டைகள் பல முதலில் நடந்தது அந்த வயரை வைத்துத்தான்.

மலைக்குப் பின்னால் இருந்த ஊர்கள்

கேபிள் ரீவியைத் தொடக்கினது படம் எட்டாத ஊர்களில் இருந்த ஆக்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு கடலில் விழுகிற இடத்தில் அஸ்டோரியா என்று ஒரு சின்னத் துறைமுக நகரம். அங்கே வானொலி நிலையம் ஒன்றை நடத்தியவர் எட் பார்சன்ஸ். 1948 நவம்பரில், ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தள்ளி, சியாட்டிலில் ரீவி நிலையம் ஒன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வளவு தூரத்துக்குச் சிக்னல் ஒழுங்காக வராது. பார்சன்ஸ் ஊரெல்லாம் தேடி, ஒரு ஹோட்டல் கூரையில் சிக்னல் கிடைக்கிறதைக் கண்டார். அங்கே அன்டனாவைப் பூட்டி, வீதிக்கு மறுபக்கம் இருந்த தன் வீட்டுக்கு வயர் இழுத்தார். அதோடு அவருடைய வீடு ரீவி பார்க்க வாற சனத்தால் நிரம்பியது. பிறகு ஹோட்டலுக்கும் கடைக்கும் அயல் வீடுகளுக்கும் வயர் போனது.

நாட்டின் மறுகோடியில், பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் ஒன்றான மஹனோய் சிற்றியில், ஜோன் வால்சன் என்பவர் மின்சாதனக் கடை வைத்திருந்தார். ரீவிப் பெட்டிகளை அவரால் விற்க ஏலவில்லை. மலை மறைத்ததால் பெட்டியில் படம் வராது. படம் வராத பெட்டியை ஆர் வாங்குவான்? மலை உச்சியில் அன்டனா வைத்து, அங்கிருந்து ஊருக்குள் வயர் கொண்டுவந்தார். அதுவும் 1948 என்றுதான் சொல்லப்படுகிறது. அவருடைய பழைய பதிவேடுகள் தீயில் எரிந்துபோனதால், 'ஆர் முதல்?' என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 1950இல் அதே மாநிலத்தின் லான்ஸ்ஃபோர்டில் ரொபேர்ட் டார்ல்டன் என்ற இன்னொரு கடைக்காரர் இதை மாதச் சந்தாவோடு ஒழுங்கான தொழிலாக்கினார்.

அந்த நேரத்தில் அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு, 1948 முதல் 1952 வரை, புது ரீவி நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்திருந்தது. அதனால் நிலையம் இல்லாத ஊர்களுக்கு வயரைத் தவிர வழி இருக்கவில்லை. இந்த முறைக்கு அப்போது வைத்த பெயர் 'சமூக அன்டனா'. ஊருக்கு ஒரு அன்டனா, அதிலிருந்து வீட்டுக்கு வீடு வயர்.

அந்த வயர் 'கோஆக்சியல்' கேபிள். நடுவில் செப்புக் கம்பி, அதைச் சுற்றிக் காவலி, அதைச் சுற்றி உலோகப் பின்னல், வெளியே உறை. உள்ளே போகிற சிக்னல் வெளியே சிந்தாது, வெளியே இருக்கிற இரைச்சல் இலேசில் உள்ளே வராது. அதனால் ஒரே வயரில் பல சனல்களை வெவ்வேறு மீடிறனில் ஒன்றாக அனுப்பலாம். இந்த வகைக் கேபிளுக்கு 1929இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசிக் கொம்பனியின் பொறியியலாளர்களான லொயிட் எஸ்பன்ஷீடும் ஹேர்மன் அஃபலும்.

சிக்னல் போகப் போகத் தேயும். அதனால் இடைக்கிடை அம்பிளிஃபயர் பூட்ட வேண்டும். அந்த அம்பிளிஃபயர்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்தன: அன்டனாவிலிருந்து வீட்டுக்கு. ஊர்த் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வீடுகளுக்குக் குழாய் போகிறது போல. வீட்டிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் அனுப்ப ஆர் குழாய் போடுவான்? அப்படி ஒரு தேவை இருக்கும் எண்டு ஒருத்தரும் நினைக்கவில்லை.

54க்குக் கீழே மிஞ்சின இடம்

அப்லோட் ஏன் மெதுவாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கு.

அமெரிக்க ரீவியில் சனல் 1 கிடையாது. அந்த மீடிறனை ஆணைக்குழு வேறு வானொலித் தேவைகளுக்குக் கொடுத்துவிட்டது. அதுவும் 1948இல்தான். எனவே முதல் சனல், சனல் 2. அது 54 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. ஒவ்வொரு சனலுக்கும் 6 மெகாஹேர்ட்ஸ் அகலம். வீடுகளில் இருந்த ரீவிப் பெட்டிகள் அந்த எண்களைத்தான் பிடிக்கும். எனவே கேபிள்காரரும் 54இலிருந்து மேலே சனல்களை அடுக்கினார்கள். 54க்குக் கீழே இருந்த இடம் சும்மா கிடந்தது.

1972இல் ஆணைக்குழு, நாட்டின் 100 பெரிய சந்தைகளில் புதிதாகப் போடுகிற கேபிள் அமைப்புகள் இருவழித் தொடர்புக்கு இடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தது. திரும்பி வாற சிக்னலை எங்கே வைக்கிறது? மேலே எல்லாம் ரீவி. கீழே மிஞ்சின இடத்தில் வைத்தார்கள்: 5இலிருந்து 30 மெகாஹேர்ட்ஸ் வரை. பிறகு அது 42 வரை நீண்டது.

அந்த இடத்தை வைத்து நடந்த பெரிய பரிசோதனை 'கியூப்'. வோர்னர் கொம்பனி 1977 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் அதைத் தொடங்கியது. வீட்டில் இருக்கிறவர்கள் கையில் உள்ள கருவியின் ஐந்து பொத்தான்களில் ஒன்றை அமத்தி நிகழ்ச்சிக்குப் பதில் சொல்லலாம், வாக்களிக்கலாம், படம் வாங்கலாம். வீடு முதன்முறையாகக் கேபிளில் 'கதைச்சது'. ஆனால் கதைக்கிறதுக்கு ஐந்து பொத்தான்தான். எந்த வீட்டில் எது பார்க்கிறார்கள் என்பது கொம்பனியின் கணினிக்குத் தெரியும் என்ற பயமும் அப்போதே எழுந்தது. செலவு கட்டுப்படியாகாமல் 1984இல் கியூப் நின்றது.

கணக்கைப் பாருங்கள். பின்னாளில் கேபிள் 860 மெகாஹேர்ட்ஸ் வரை வளர்ந்தபோது, வீட்டுக்கு வாற பாதைக்கு 800க்கு மேல் கிடைத்தது. வீட்டிலிருந்து போற பாதைக்கு 5இலிருந்து 42 வரை, வெறும் 37. இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த 37உம் நல்ல இடம் இல்லை. சிற்றலை வானொலி, மோட்டர்களின் இரைச்சல் எல்லாம் கூடுதலாக விழுகிற இடம் அது. ஏதோ ஒரு வீட்டில் வயர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இரைச்சல் உள்ளே வந்துவிடும். ஒரு பகுதியில் இருக்கிற எல்லா வீடுகளின் இரைச்சலும் புனலில் ஊற்றின மாதிரி ஒன்றாகச் சேர்ந்து கொம்பனியின் முனைக்குப் போகும்.

மோடெம் என்ன செய்தது?

1990களின் நடுவில் வீட்டுக் கணினி இணையத்துக்குப் போனது தொலைபேசி வயரில். நம்பர் அடித்து, அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டு, இணைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆரும் போன் எடுத்தால் எல்லாம் போச்சு. 56 கிலோபிட் மோடெமில், அது சொல்லுகிற முழு வேகத்தில் ஓடினால்கூட, 5 மெகாபைட் பாட்டு ஒன்றை இறக்க ஏறக்குறைய 12 நிமிடம் எடுக்கும்.

அதே நேரத்தில் அதே வீட்டுச் சுவரில் இன்னொரு வயரும் இருந்தது, ரீவிக்கு. அதில் ஒரு சனலின் இடத்தை, 6 மெகாஹேர்ட்ஸை, ரீவிக்குப் பதிலாகத் தரவுக்குக் கொடுத்தால் செக்கனுக்கு 27 மெகாபிட் அளவில் அனுப்பலாம். அந்த இடத்தை அந்தப் பகுதி வீடுகள் பங்குபோட்டாலும், 12 நிமிடப் பாட்டு அரை நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இதைச் செய்கிற பெட்டிதான் கேபிள் மோடெம். கணினியின் 0, 1 களை வயரில் போகக்கூடிய அலையாக மாற்றும், வாற அலையைத் திரும்ப 0, 1 ஆக்கும். தொடக்க காலக் கொம்பனிகளில் ஒன்று மசச்சுசெட்ஸில் இருந்த லான்சிற்றி. அதை நடத்திய ரூஸ்பே யாசினி ஈரானில் பிறந்தவர். கேபிள் மோடெமின் தந்தை என்று பலர் அவரைச் சொல்வார்கள். அவர்களுடைய முதல் மோடெம்கள் பல ஆயிரம் டொலர். வீட்டுக்காரர் வாங்குகிற விலை இல்லை. அதைச் சில நூறு டொலருக்குக் கொண்டுவந்ததுதான் அந்தக் கொம்பனியின் சாதனை. 1996இல் பே நெட்வேர்க்ஸ் அதை வாங்கியது.

கஷ்டமான பகுதி வீட்டிலிருந்து போகிற பாதை. பழைய அம்பிளிஃபயர்கள் இருந்த ஊர்களில் திரும்பிப் போக வழியே இல்லை. அதற்கு ஒரு தற்காலிக வழி கண்டார்கள்: வாறது கேபிளில், போறது தொலைபேசியில். ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ற் கொம்பனியின் 'சேர்ஃபோர்ட்' மோடெம் ஒன்று அப்படித்தான் வேலை செய்தது. வேகமாகக் கேட்கலாம், ஆனால் பதில் சொல்ல டெலிபோனைத்தான் எடுக்க வேணும்.

இருவழி வயர் இருந்த ஊர்களில் வேறு பிரச்சினை. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் கதைத்தால் ஒன்றும் விளங்காது. ஒரு வீட்டு மோடெமுக்கு மற்ற வீட்டு மோடெம் கதைப்பது கேட்கவும் மாட்டாது. அதனால் கொம்பனியின் முனையில் இருக்கிற கருவி கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருக்கும். மோடெம் கை தூக்கி 'எனக்குக் கதைக்க இருக்கு' எண்டு கேட்கும். தலைவர் 'இந்த நொடித்துண்டு உனக்கு' எண்டு கொடுப்பார். தூரத்து வீட்டுச் சிக்னல் பிந்தி வருமென்பதால் ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் அளந்து வைத்து, நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

முதலில் ஒவ்வொரு கொம்பனியின் மோடெமும் ஒவ்வொரு பாஷை கதைத்தது. பொது நியமம் ஒன்றை உருவாக்க 1994இல் பொறியியலாளர் அமைப்பான ஐட்ரிபிள்ஈயின் கீழ் ஒரு குழு தொடங்கியது. கேபிள் கொம்பனிகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. கொம்காஸ்ட், கொக்ஸ், டிசிஐ, ரைம் வோர்னர் ஆகிய நான்கும் சேர்ந்து தங்களுக்கென ஒரு கூட்டை அமைத்து, 1997 மார்ச்சில் 'டொக்சிஸ்' என்ற நியமத்தை வெளியிட்டன. 1999இல் தொம்சன், தொஷிபா கொம்பனிகளின் மோடெம்கள் முதன்முதலாகச் சான்று பெற்றன. அதன் பிறகு மோடெம் கடையில் வாங்கக்கூடிய பொருளானது. இன்றைக்கு உலகின் பல நாடுகளில் கேபிள் இணையம் ஓடுவது இந்த நியமத்தின் பிந்திய பதிப்புகளில்தான்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேணும். டொக்சிஸ் மோடெமைப் பூட்டினதும் அது வயரில் சனலைத் தேடும், தூரத்தை அளக்கும், தனக்கொரு முகவரி வாங்கும். பிறகு கொம்பனியின் கணினியிலிருந்து ஒரு கோப்பை இறக்கும். உங்கள் டவுன்லோட் எவ்வளவு, அப்லோட் எவ்வளவு என்பது அந்தக் கோப்பில் இருக்கும். மோடெம் உங்கள் காசில் வாங்கினதாக இருக்கலாம், உங்கள் மேசையில் இருக்கலாம். அது கீழ்ப்படிகிறது அந்தக் கோப்புக்கு.

ஃப்ரீமொன்ட், 1996

கேபிள் இணையத்தைப் பெருமளவில் வீடுகளுக்குக் கொண்டுபோக 1995இல் தொடங்கிய கொம்பனி 'அற் ஹோம்'. டிசிஐ என்ற கேபிள் கொம்பனியும் கிளைனர் பேர்க்கின்ஸ் என்ற முதலீட்டு நிறுவனமும் பின்னால் நின்றன. நாசாவில் வலையமைப்பு வேலை செய்த மைலோ மெடின் அதன் தொழில்நுட்பத்தைப் பொறுப்பெடுத்தார். 1996இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமொன்ட் நகரில் சேவை தொடங்கியது. மாதம் 40 டொலர் அளவில். கனடாவில் ரொஜர்ஸ் கொம்பனியும் ரொறன்ரோவுக்கு வடக்கே நியூமார்க்கெட்டில் அதே காலத்தில் தொடங்கிவிட்டது.

இணைப்பு எடுக்கிறது இன்றைக்கு மாதிரி ஒரு பெட்டியைச் செருகுகிற வேலை இல்லை. ஆள் வீட்டுக்கு வர வேணும். ரீவி வயரை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கணினி இருக்கிற அறைக்குக் கொண்டுபோக வேணும். அப்போதைய வீட்டுக் கணினிகளில் அநேகமாக ஈதர்நெற் துவாரமே இல்லை. பெட்டியைத் திறந்து கார்ட் ஒன்றைப் பூட்டி, விண்டோஸ் 95இல் முகவரிகளைப் பதிந்து, எல்லாம் சரிவந்தால் அன்றைக்கே இணையம்.

கிடைத்த வேகம் சனத்துக்குப் புதுமை. ஆனால் பக்கத்து வீட்டோடு ஒரே வயர் என்பது இரண்டு விதத்தில் தெரிய வந்தது. ஒன்று, பின்னேரம் எல்லாரும் வந்து குந்தினால் வேகம் இறங்கும். மற்றது, சில இடங்களில் விண்டோஸில் 'அயல் கணினிகள்' படத்தை அமத்தினால் உண்மையாகவே அயல் வீட்டுக் கணினியின் பகிர்ந்த கோப்புகளும் பிரிண்டரும் தெரியும்! டொக்சிஸில் குறியாக்கம் சேர்ந்த பிறகுதான் வயரில் போகிற தரவுக்குப் பூட்டு வந்தது.

சனம் வெறுமனே பார்க்க மட்டும் செய்யவில்லை. எப்பவும் 'ஓன்' இல் இருக்கிற இணைப்பு கிடைத்ததும் சிலர் வீட்டுக் கணினியிலேயே சொந்த வலைத்தளம் நடத்தினார்கள், பாட்டுகளைப் பரிமாறினார்கள். அந்த 37 மெகாஹேர்ட்ஸ் இதைத் தாங்கவில்லை. அற் ஹோம் வீட்டில் சேர்வர் நடத்தக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. 1999இல் அப்லோட் வேகத்தை 128 கிலோபிட்டாகக் கட்டுப்படுத்தியது. கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

அதே ஆண்டு அற் ஹோம், எக்ஸைற் என்ற தேடல் தளத்தைப் பல பில்லியன் டொலருக்கு வாங்கியது. இரண்டு வருடத்தில் கடனில் மூழ்கி, 2001 இலையுதிர் காலத்தில் வங்குரோத்து. டிசம்பர் தொடக்கத்தில் ஏடி அண்ட் டியின் ஏறக்குறைய 850,000 வாடிக்கையாளரின் இணைப்பு அறுந்தது. அவர்களை வேறு வலையமைப்புக்கு மாற்றச் சில நாட்கள் எடுத்தன. 2002 பெப்ரவரி முடிவோடு அற் ஹோம் மூடப்பட்டது. ஆனால் வயர் அங்கேயே இருந்தது. கேபிள் கொம்பனிகள் அதே வயரில் தங்கள் சொந்தப் பெயரில் இணையத்தை விற்கத் தொடங்கின. சேவை நடத்தினவர் போகலாம். வயர் வைத்திருக்கிறவர் போகமாட்டார்.

வயர் ஆருடையது?

தொலைபேசிக் கொம்பனி அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பொதுப் போக்குவரத்து மாதிரி. ஆர் ஏறினாலும் ஏற்ற வேண்டும். அதனால்தான் டயல்-அப் காலத்தில் ஆயிரக்கணக்கான சின்ன இணைய சேவைக் கொம்பனிகள் முளைத்தன. ஒரு கொம்பனி பிடிக்கவில்லையா, அடுத்த நம்பரை அடிக்கலாம். கேபிள் அப்படி இல்லை. வயர் தனியார் சொத்து, அதில் எது ஓடலாம் என்பது சொந்தக்காரரின் முடிவு. ரீவிக்கு அது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அதே வயரில் இணையம் ஓடத் தொடங்கியபோது தெரிந்தது.

1998இல் ஏடி அண்ட் டி, டிசிஐயை வாங்க முன்வந்தது. கேபிளைக் கண்டுபிடித்த தொலைபேசிக் கொம்பனி எழுபது வருடம் கழித்துக் கேபிளை வாங்க வந்தது. எட் பார்சன்ஸ் வயர் இழுத்த அதே ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லன்ட் மாநகர சபை ஒரு நிபந்தனை போட்டது: மற்ற இணைய சேவைக் கொம்பனிகளுக்கும் இந்த வயரைத் திறந்துவிட வேண்டும். ஏடி அண்ட் டி வழக்குப் போட்டது. 1999இல் முதல் தீர்ப்பு நகரத்தின் பக்கம். 2000 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கேபிள் இணையம் 'தொலைத்தொடர்புச் சேவை', எனவே நகர சபைக்கு அதிகாரம் இல்லை என்றது. நகரம் தோற்றாலும் அந்தச் சொல் முக்கியம். தொலைத்தொடர்பு என்றால் எல்லாரையும் ஏற்ற வேண்டிய கடமை வரும்.

2002 மார்ச்சில் ஆணைக்குழு அதற்கு எதிராக முடிவெடுத்தது: கேபிள் இணையம் 'தகவல் சேவை', தொலைத்தொடர்பு அல்ல. கலிபோர்னியாவின் சின்ன இணைய சேவைக் கொம்பனியான 'பிராண்ட் எக்ஸ்' நீதிமன்றம் போனது. 2005 ஜூனில் உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்று ஆணைக்குழுவின் பக்கம் நின்றது. எதிர்த்து எழுதிய நீதியரசர் ஸ்காலியா பீட்சாக் கடையை உதாரணம் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற கடை, கொண்டுவருவது தன் சேவையில் இல்லை என்று சொல்ல முடியுமா என்பது அவருடைய வாதம். ஆனால் அது சிறுபான்மைத் தீர்ப்பு. வயர் பூட்டியே இருந்தது.

அதன் விலை 2007இல் தெரிந்தது. பழைய கால நால்வர் குழுப் பாட்டுகளை பிட்டொரன்ற் வழியாகப் பகிர்ந்துகொண்டிருந்த ஒரு பொறியியலாளர், தன் அப்லோட் இடைக்கிடை அறுவதைக் கவனித்தார். கொம்காஸ்ட் கொம்பனி, இரண்டு கணினிகளுக்கு இடையில் புகுந்து, ஒருவர் 'இணைப்பை முடிப்போம்' என்று சொல்வது போன்ற போலிச் செய்திகளை அனுப்பியது தெரியவந்தது. அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளின் கோப்பு ஒன்றைப் பகிர்ந்து பரிசோதித்து அதை உறுதிப்படுத்தியது. கவனியுங்கள், தடுக்கப்பட்டது அப்லோட். கேட்கிறதுக்கு எண்டு போட்ட வயரில் சனம் கதைக்கப் போனபோது சொந்தக்காரர் வாயைப் பொத்தினார். 2008இல் ஆணைக்குழு கண்டித்தது. 2010இல் நீதிமன்றம் ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. 2015இல் இணையத்தைத் தொலைத்தொடர்பாக வகைப்படுத்தினார்கள், 2017இல் நீக்கினார்கள், 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் இல்லாமலாக்கியது.

இது இப்படித்தான் நடக்க வேண்டும் என்றில்லை. எல்லைக்கு அடுத்த பக்கத்தில், கனடாவில், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1990களின் இறுதியிலேயே கேபிள் கொம்பனிகள் தங்கள் வயரை மற்ற சேவைக் கொம்பனிகளுக்கு மொத்த விலையில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நடைமுறையில் விலை பற்றி முடிவில்லாத இழுபறிதான். ஆனாலும் ஸ்காபரோவில் இருக்கிற எங்கட ஆக்கள், பெரிய கொம்பனியின் அதே வயரில் சின்னக் கொம்பனி ஒன்றின் இணையத்தை எடுக்க முடிந்தது. வயரும் மோடெமும் நியமமும் ஒன்று. சட்டம் மட்டும் வேறு.

எங்கட பக்கம்

ரொறன்ரோவில் கேபிள் மோடெம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத வருடங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இலங்கையில் வீட்டு இணையம் பிறகு வந்தது தொலைபேசி வயரில் ஏடிஎஸ்எல் ஆகவும், கோபுரங்களிலிருந்து 4ஜி ஆகவும், இப்போது ஃபைபராகவும். கேபிள் ரீவி வயர் எங்கட வீதிகளுக்கும் வந்தது, ஆனால் பெரும்பாலும் ரீவியோடேயே நின்றுவிட்டது.

அப்படியென்றால் இந்தக் கதை எங்களுக்கு எதற்கு? ஏடிஎஸ்எல் என்பதன் முதல் எழுத்தே 'சமச்சீரற்ற' என்பதைக் குறிக்கிறது. வேறு வயர், ஆனால் அதே நினைப்பு: வீட்டில் இருக்கிறவர் வாங்குகிறவர், உற்பத்தி செய்கிறவர் வேறெங்கோ இருக்கிறார். 2020இல் அந்த நினைப்பு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் உடைந்தது. வகுப்பும் வேலையும் கூட்டமும் வீட்டிலிருந்து நடக்க, எல்லாருக்கும் அப்லோட் தேவைப்பட்டது. எங்கட நாட்டில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையும் மரமும் ஏறினார்கள். அமெரிக்காவில் வேகமான கேபிள் இருந்த வீடுகளே, இரண்டு பேர் சேர்ந்து வீடியோவில் கதைக்கத் தடுமாறின. டொக்சிஸின் புதிய பதிப்புகள் திரும்பிப் போகிற பாதையை 42இலிருந்து 204க்கும், பிறகு 684 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் நீட்ட இடம் கொடுக்கின்றன. சனல் 2 போட்ட வேலியைத் தாண்ட எழுபது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கு. அப்படியிருந்தும் 2024இல் அமெரிக்க ஆணைக்குழு 'அகன்ற அலைவரிசை' என்பதற்குக் கொடுத்த புது வரைவிலக்கணம் இறக்க 100, ஏற்ற 20.

ஃபைபரில் அந்த வேலி கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே வேகம் கொடுக்கலாம். அப்படியும் பக்கேஜில் அப்லோட் குறைவாக இருந்தால், அது வியாபார முடிவு. கோப்பில் இருக்கிற எண்.

வயர் ஆர் கையில் என்பதும் எங்களுக்குத் தெரியாத கேள்வி இல்லை. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டம் சூடுபிடித்த நேரத்திலும் இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அது அரசின் உத்தரவு, கொம்காஸ்டின் கதை வியாபாரம். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் இரண்டும் நடந்தது ஒரே இடத்தில்: வீட்டுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒற்றைக் கதவில். கதவு குறையக் குறைய அதை மூடுவது சுகம்.

எனவே அடுத்த முறை ஊருக்குப் புது இணைப்பு வருகுது எண்டு சொன்னால், டவுன்லோட் வேகத்தோடு இன்னும் இரண்டைக் கேட்போம். ஏற்றுகிற வேகம் எவ்வளவு? இந்த ஃபைபரில், இந்தக் கம்பத்தில், வேறொரு கொம்பனியும் சேவை விற்க முடியுமா? வயர் இழுத்து முடிந்த பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்ட போர்ட்லன்ட் தோற்றது. எங்கட பல ஊர்களில் இன்னும் இழுத்து முடியவில்லை.